கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பொன்னிறப் பின்னல்

பெல்ஜியத்தில் புரூஜ் என்றொரு பழைய ஊர். கால்வாய்களும், ஓயாமல் ஒலிக்கும் தேவாலய மணிகளும், சாம்பல் பூத்த வானமுமாக இருக்கும் ஊர். அங்கே கால்வாய்க் கரை வீடொன்றின் வரவேற்பறையில், கண்ணாடிப் பேழைக்குள், ஒரு பெண்ணின் பொன்னிறப் பின்னல் கிடக்கிறது. இறந்துபோன மனைவியின் தலையிலிருந்து கணவன் வெட்டி எடுத்து வைத்தது. உடல் மண்ணுக்குள் போனாலும் முடி அழியாது, நிறம் மங்காது என்பது அவனுக்குப் பெரிய ஆறுதல். தினமும் வந்து அதைப் பார்க்கிறான். அவளுடைய உடைகள், படங்கள், அவள் கை பட்ட சாமான்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சோகத்துக்குத் தோதான ஊர் என்பதால்தான் புரூஜுக்கே குடிவந்திருக்கிறான்.

அவன் பெயர் ஹ்யூக் வியான். ஜார்ஜ் ரோடன்பாக் எழுதிய 'புரூஜ்-லா-மோர்ட்' என்ற சிறு நாவலின் நாயகன். தலைப்புக்கு 'இறந்த புரூஜ்' என்று பொருள். 1892இல் பாரிஸின் 'ஃபிகாரோ' நாளிதழில் தொடராக வந்து, அதே ஆண்டு நூலானது. நூலில் புரூஜின் கால்வாய்களும் பாலங்களும் கோபுரங்களும் புகைப்படங்களாக இடம்பெற்றன. ஒரு நாவலுக்குள் புகைப்படங்கள் வருவது அன்றைக்குப் புதுமை. படங்களில் மனித நடமாட்டம் அநேகமாக இல்லை. ஊரே காலியாக, யாருக்கோ காத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

அந்தப் பின்னல் பேழையை விட்டு வெளியே வந்து எங்கெல்லாம் போயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நினைவு மனிதனை எப்படி ஏமாற்றும், அவன் பித்து அடுத்தவர் உயிரை எப்படிக் குடிக்கும் என்று காட்டும் உளவியல் திகில் கதைகள் இன்று ஏராளம். அவற்றில் ஒரு பெரிய கிளைக்கு இந்தப் பின்னலே வேர். அது வியன்னா போயிற்று, பாரிஸ் போயிற்று, சான் பிரான்சிஸ்கோ போயிற்று. ஒரு கட்டத்தில் நம் மகாபலிபுரத்துக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் புரூஜில் நடந்தது. ஒரு மாலை தெருவில் ஹ்யூக் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அதே முகம், அதே கூந்தல். பின்தொடர்ந்து போகிறான். அவள் நாடக அரங்குக்குள் மறைகிறாள். மேயர்பேரின் 'ராபர்ட் லெ டியாப்ல்' ஆபெரா அன்று நடக்கிறது. கல்லறைகளிலிருந்து இறந்த கன்னியாஸ்திரீகள் எழுந்து ஆடும் காட்சியில், எழுந்து வருகிறவள் அவள்தான். ஜேன் ஸ்காட் என்ற நடனக்காரி. செத்தவளைத் தேடிப் போனவனுக்குக் கல்லறையைத் திறந்துகொண்டே அவள் தரிசனம் தருகிறாள். இந்தக் கன்னியாஸ்திரீயை நினைவில் வையுங்கள். அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து அவள் மறுபடி வருவாள்.

ஜேனுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறான். ஒருநாள் மனைவியின் பழைய உடைகளைக் கொண்டுபோய் உடுத்திக்காட்டச் சொல்கிறான். அவள் உடுத்துகிறாள். காலம் கடந்த மோஸ்தரைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறாள், ஆடுகிறாள். அந்தச் சிரிப்பில்தான் முதல் விரிசல். பிறகு, அவள் கூந்தலின் பொன்னிறம் சாயம் என்பதும் உறைக்கிறது. கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று மதுரையில் சங்கத்தையே கூட்டி வழக்காடிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். நம் கதையில் சந்தேகப்பட்டவன் பாண்டியன், மாட்டிக்கொண்டது தருமி, வெந்தது நக்கீரர். புரூஜில் சந்தேகம் அவனுக்கு, தண்டனை மட்டும் அவளுக்கு. திரு இரத்த ஊர்வலம் போகும் திருநாளில் ஜேன் அவன் வீட்டுக்கு வருகிறாள். பேழையிலிருந்து பின்னலை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விளையாடுகிறாள். அவன் அந்தப் பின்னலாலேயே அவள் கழுத்தை இறுக்கிவிடுகிறான். இப்போது இரண்டு பெண்களும் உண்மையிலேயே ஒன்றாகிவிட்டார்கள், இருவரும் பிணமாக.

நாவல் முழுக்க நாம் ஹ்யூக்கின் துக்கத்துக்குள்ளேயே இருக்கிறோம். ஜேன் எப்படிப்பட்டவள், எங்கே பிறந்தாள், இந்த மனிதனைப் பற்றி இரவில் தனியே என்ன நினைத்தாள், எதுவும் தெரியாது. அவனுக்கு அவள் முதலில் அற்புதம், பிறகு போலி. நமக்கும் அப்படித்தான் காட்டப்படுகிறாள். எழுதிய ரோடன்பாக் 1898இல், 43 வயதில் இறந்தார். பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறையைப் பிளந்துகொண்டு, கையில் ரோஜாவோடு ஒரு வெண்கல உருவம் எழுந்து வருகிறது.

அடுத்து வியன்னா. எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட் என்ற இளைஞர், 23 வயதில், இக்கதையை 'டி டோட்டே ஷ்டாட்' என்ற ஆபெரா ஆக்கினார். 'இறந்த நகரம்' என்று பொருள். 1920 டிசம்பர் 4 அன்று ஹம்பர்க், கொலோன் என்ற இரண்டு நகரங்களில் ஒரே இரவில் அரங்கேற்றம். முதல் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். துக்கம் இல்லாத வீடு அரிதாயிருந்த காலத்தில், இறந்தவளை விடமுடியாத ஒருவனின் பாட்டுக்கு ஜனங்கள் உருகியதில் வியப்பில்லை. ஆனால் கோர்ன்கோல்ட் கதையில் ஒரு கை வைத்தார். நாயகன் பின்னலால் கழுத்தை நெரிக்கிறான், திடுக்கிட்டு விழிக்கிறான், எல்லாம் கனவு. செத்துக் கிடந்தவள் மறந்துவிட்டுப்போன குடையை எடுக்கத் திரும்பி வருகிறாள். நாயகன் ஊரை விட்டுப் போகத் தீர்மானிக்கிறான். போர் பார்த்த சனங்களுக்கு இந்த ஆறுதல் தேவைப்பட்டிருக்கும். கதைக்குக் கிடைத்தது வேறொன்று. மேடையில் கண்ணால் கண்டதையே நம்பமுடியாது என்ற அனுபவம் பார்வையாளருக்கு இங்கேதான் முதலில் வாய்த்தது. நம்பகமற்ற கதைசொல்லி இந்தக் கதைக்குள் நுழைந்தது இந்தக் கனவின் வழியாக.

நாஜிகள் ஆட்சியில் யூதரான கோர்ன்கோல்டின் இசை தடைபட்டது. அவர் ஹாலிவுட்டுக்குப் போய்த் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 1957இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். அதே ஆண்டு அதே கலிபோர்னியாவில் பின்னலின் அடுத்த பிறவிக்குக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன் பாரிஸ். பியர் புவாலோ, தோமா நார்செஜாக் என்ற இருவர் சேர்ந்து துப்பறியும் நாவல்கள் எழுதினார்கள். துப்பறிகிறவனின் புத்திக்கூர்மை அவர்களுக்கு முக்கியமல்ல, சதிக்குப் பலியாகிறவனின் மனக்கலக்கமே முக்கியம். 1954இல் வந்தது 'தாந்த்ர் லே மோர்'. 'இறந்தவர்களிடமிருந்து' என்று சொல்லலாம். திரையரங்கில் செய்திப்படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொலைந்துபோன நண்பர் ஒருவரின் முகத்தைக் கண்டதுபோல் தோன்றிய கணத்தில் பிறந்த கதை என்று நார்செஜாக் பின்னாளில் சொன்னார். போர் முடிந்த ஐரோப்பாவில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரோடன்பாக்கின் நாவலுக்கும் இதற்கும் உள்ள உறவுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டியதில்லை, முகஜாடை போதும்.

காலம் 1940. ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்குகிறது. ஃப்ளாவியேர் என்ற முன்னாள் போலீஸ்காரன், இப்போது வக்கீல். நண்பன் தன் மனைவி மதலேனைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறான். தற்கொலை செய்துகொண்ட ஒரு மூதாதையின் ஆவி அவளைப் பிடித்திருப்பதாகப் பேச்சு. ஃப்ளாவியேர் அவளைக் காதலிக்கிறான். தேவாலய மணிக்கூண்டிலிருந்து அவள் விழுகிறாள். உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் இவன் காப்பாற்றமுடியாமல் நிற்கிறான். போர் முடிகிறது. குடிகாரனாகிவிட்ட ஃப்ளாவியேர் ஒரு செய்திப்படத்தில் அந்த முகத்தைக் காண்கிறான். மார்செய் நகரத்துக்கு ஓடுகிறான். ரெனே என்ற பெண்ணைக் கண்டுபிடித்து, 'நீதான் அவள்' என்று நச்சரிக்கிறான். உடையை மாற்றச் சொல்கிறான், கூந்தலை முன்போல் ஆக்கச் சொல்கிறான். அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். கடைசிப் பக்கங்களில் உண்மையைச் சொல்கிறாள். தானே அந்த மதலேன், உண்மையான மனைவியைக் கொல்ல நண்பன் நடத்திய நாடகத்தில் நடித்தவள். அவன் அவள் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். கையில் பின்னல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு கொடுமை கவனிக்கத் தக்கது. சதிசெய்த நண்பன் அந்தக் குற்றத்தால் எந்த லாபமும் அடையவில்லை. போரில் தப்பி ஓடும்போது சாலையிலேயே செத்துப்போகிறான். யாருக்கும் பயன்படாத குற்றத்துக்காக இரண்டு பெண்கள் போனார்கள். நாம் அதுவரை நம்பி வந்தது ஒரு குடிகாரனின் கண்ணை. அவன் பைத்தியம் என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில் அவன் சொன்னது சரியாகிறது. சரியானபின் அவன் செய்வது கொலை. நம்பகமற்ற கதைசொல்லி என்றால் பொய் சொல்கிறவன் என்று எளிதாக நினைத்துவிடுகிறோம். உண்மையைச் சரியாகக் கண்டுபிடித்தும் எதிரே இருக்கும் மனுஷியைக் காணாதவனும் அந்த வகையே.

பிறகு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். நாவலின் உரிமையை பாரமவுண்ட் நிறுவனம் வாங்கியது. பாரிஸ் சான் பிரான்சிஸ்கோ ஆயிற்று, ஃப்ளாவியேர் ஸ்காட்டி ஆனான், மதலேன் மேடலின் ஆனாள், போர் காணாமல்போயிற்று. 'வெர்டிகோ' 1958 மே மாதம் வெளிவந்தது. நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். நாயகி வேடத்துக்கு முதலில் தேர்வான வேரா மைல்ஸ் கருவுற்றதால் கிம் நோவாக் வந்தார். தலைசுற்றலைக் காட்ட, கேமராவைப் பின்னால் நகர்த்திக்கொண்டே லென்ஸை முன்னால் இழுக்கும் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். மாடிப்படிச் சுழலை மாதிரியாகச் செய்து, படுக்கவைத்துப் படமாக்கினார்கள். சில நொடிக் காட்சிக்கு 19,000 டாலர் ஆயிற்று என்று ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னார். மேடலின் விழும் சான் ஹுவான் பௌதிஸ்தா தேவாலயத்தில் அப்படியொரு உயரக் கோபுரமே இல்லை. படத்துக்காகத் தந்திரமாகச் சேர்த்தது. பொய்யான பெண் பொய்யான கோபுரத்திலிருந்து விழுகிறாள்.

கூந்தலுக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தில் மேடலின் ஒரு பழைய ஓவியத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஓவியத்தில் இருப்பவள் கார்லோட்டா, மேடலினின் மூதாதை. கேமரா அவளுடைய சுருள்கொண்டையையும் மேடலினின் பொன்னிறச் சுருள்கொண்டையையும் நெருங்கிப் பார்க்கிறது. பேழையில் இருந்தது இப்போது ஒரு பெண்ணின் பிடரியில் சுழலாகச் சுற்றிக் கிடக்கிறது. மேடலின் 'இறந்தபின்', கடையில் வேலை பார்க்கும் ஜூடியைத் தெருவில் கண்டு ஸ்காட்டி அவளை மேடலினாக மாற்றத் தொடங்குகிறான். சாம்பல் நிற கோட்டும் பாவாடையும், காலணி, சாயமிட்ட முடி. எல்லாம் ஆனபிறகும் அவனுக்குப் போதவில்லை. முடி விரிந்து கிடக்கிறது, கொண்டையாகவில்லை. அதையும் செய் என்று மன்றாடுகிறான். குளியலறைக்குப் போய்க் கொண்டையிட்டு வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே ஓட்டல் பலகையின் பச்சை ஒளியில், கல்லறையைத் திறந்துகொண்டு வருகிறவள்போல் வருகிறாள். பெர்னார்ட் ஹெர்மனின் இசை அந்த நேரத்தில் பொங்கும். அழகான காட்சி என்று உலகமே சொல்கிறது. அழகுதான். ஒருத்தி துளித்துளியாக அழிக்கப்படும் காட்சியும் அதுவே.

நாவல் கடைசிவரை மறைத்ததை ஹிட்ச்காக் முன்னாலேயே உடைத்தார். படம் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் ஜூடி தனியாக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறாள். தான் யார், என்ன நடந்தது, தன் நடிப்பில் எங்கே உண்மையான காதல் கலந்துவிட்டது, எல்லாவற்றையும். பிறகு கிழித்துப்போடுகிறாள். ஸ்காட்டிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். சுற்றி இருந்தவர்கள் எதிர்த்தார்கள், கடைசி அதிர்ச்சியைக் கெடுக்கிறீர்கள் என்றார்கள். ஹிட்ச்காக்கே வெளியீட்டுக்குச் சற்று முன் மனம் தடுமாறி அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார். பாரமவுண்ட் தலைவர் பார்னி பாலபன் அதைத் திரும்பச் சேர்க்கவைத்தார்.

இக்கதையின் நீண்ட வாழ்வில் மிகப் பெரிய நாள் அது என்பேன். 1892இலிருந்து அதுவரை, உடுத்தப்பட்டவளுக்குத் தனக்கென்று ஒரு நொடி கிடைத்ததில்லை. ஜேன் ஸ்காட்டின் மனம் தெரியாது, ரெனேயின் மனம் கடைசிப் பக்கம்வரை தெரியாது. கடிதம் எழுத உட்கார்ந்த அந்தச் சில நிமிடங்களில் ஜூடி நம்மை நேராகப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு ஸ்காட்டியின் ஒவ்வொரு கெஞ்சலும் நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. கதைசொல்லியின் கண்ணை இரவல் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த நாம், அந்தக் கண்ணை வெளியே இருந்து பார்க்கத் தொடங்குகிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை 'வெர்டிகோ' பார்த்துப் பல ஆண்டுகள், கடிதக் காட்சி படத்தின் முடிவில் வருகிறது என்றே என் நினைவில் இருந்தது. நண்பர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. ஸ்காட்டியோடு சேர்ந்து ஏங்கவே விரும்பிய என் மனம், இடையூறான கடிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறது.

படத்தின் முடிவில் ஸ்காட்டி கழுத்தை நெரிப்பதில்லை. அதே மணிக்கூண்டுக்கு ஜூடியை இழுத்துக்கொண்டு போகிறான். இருளிலிருந்து ஒரு கறுப்பு உருவம் எழுகிறது. ஜூடி பயந்து பின்வாங்கி விழுகிறாள். வந்தது ஒரு கன்னியாஸ்திரீ. புரூஜின் மேடையில் கல்லறையிலிருந்து எழுந்த அதே கோலம்.

வெளிவந்தபோது படம் பெரிதாகக் கொண்டாடப்படவில்லை. பல ஆண்டுகள் திரையிடலுக்கே கிடைக்காமல் ஹிட்ச்காக் வசம் முடங்கிக் கிடந்து, 1980களில் மறுபடி வந்தது. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 2012இல் 'சிட்டிசன் கேன்' படத்தைக் கீழே இறக்கி முதலிடம் பிடித்தது. பிரான்சில் கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 'லா ஜெத்தே' படத்திலும் இதன் நிழல் உண்டு. அநேகமாக முழுக்க அசையாப் புகைப்படங்களால் ஆன 28 நிமிடப் படம் அது. ரோடன்பாக்கின் நாவலுக்குள் இருந்த புகைப்படங்கள் திரும்பி வந்தாற்போல.

ஆனால் அந்த முதலிடத்துக்கெல்லாம் நெடுநாள் முன்பே, 'வெர்டிகோ' வந்து ஏழே ஆண்டில், கதை சென்னைக்கு வந்துவிட்டது. 1965இல் கே. சங்கர் இயக்கத்தில், ஜி.என். வேலுமணி தயாரிப்பில் 'கலங்கரை விளக்கம்'. எம்.ஜி.ஆர். வக்கீல் ரவி. சரோஜாதேவிக்கு நீலா, மல்லிகா என்று இரண்டு வேடங்கள். மணிக்கூண்டு இருந்த இடத்தில் மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கம். வெறும் தழுவல் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் படத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, அதை யாரோ மிக ஆழமாக யோசித்திருக்கிறார்கள்.

பாரிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அந்தப் பெண்ணைப் பிடித்தது பார்வையாளர் யாருக்கும் தெரியாத ஒரு மூதாதை. நீலாவைப் பிடித்திருப்பவளோ சிவகாமி. மாமல்லன் நரசிம்மவர்மனின் காதலி என்று தன்னை எண்ணிக்கொண்டு கற்கோயில்களிடையே நீலா அலைகிறாள். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944இல் வாரத்தொடராகத் தொடங்கியது. அதைத் திண்ணைகளில் உரக்கப் படித்துக் கேட்ட தலைமுறைதான் இந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தது. கார்லோட்டாவின் சோகத்தை ஹிட்ச்காக் ஒரு புத்தகக்கடைக்காரர் வாயால் நிமிடக்கணக்கில் சொல்லவைக்க வேண்டியிருந்தது. சிவகாமியின் சோகத்தை நமக்கு யாரும் சொல்ல வேண்டாம், பெயர் போதும். வரலாற்றில் நரசிம்மவர்மன் உண்டு, வாதாபிப் போர் உண்டு. சிவகாமி கல்கி படைத்தவள். அதாவது நீலா, நடக்காத ஒன்றை நினைவுகூர்கிறாள். படம் பார்ப்பவர்களுக்கும் அதே நினைவு இருக்கிறது. நாயகியின் பொய் நினைவில் ஓர் அரங்கமே பங்குகொள்ளும் வாய்ப்பு ஹிட்ச்காக்குக்குக் கிடைக்கவில்லை.

கோபுரமும் இங்கே மெய். கலிபோர்னியாவில் தந்திரமாகச் சேர்த்த கோபுரத்துக்குப் பதிலாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கப்பல்களுக்கு வழிகாட்டும் கல் விளக்கம் பல்லவர் குன்றின்மேல் நிற்கிறது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். படத்தில் நாயகனின் கண் கெட்ட கண்ணாக இருக்க முடியாது. ரவியின் பார்வையைக் கடைசிவரை நம்பலாம். சதி வில்லனாக வரும் நம்பியாரிடம் இருக்கிறது, அதை நாயகன் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார். ஹ்யூக்கும் ஃப்ளாவியேரும் ஸ்காட்டியும் சுமந்த பழி இங்கே வில்லன் தோளுக்கு மாறிவிட்டது. அதே ஆண்டு 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆரே இரட்டை வேடத்தில் வந்து வெற்றி கண்டிருந்தார். இரண்டு முகம் என்றால் ரசிகருக்குக் கொண்டாட்டம். ஒரு முகத்தை இன்னொரு முகமாக்கும் ஆணின் வெறி அந்தக் கொண்டாட்டத்தில் கரைந்துபோயிற்று. இரண்டு படங்களையும் பார்த்தவன் என்ற முறையில், இந்த இழப்பு பெரியது என்றே சொல்வேன். சிவகாமியைக் கண்டுபிடித்த அந்த மூளைக்கு, நாயகனைச் சந்தேகிக்கும் சுதந்திரமும் இருந்திருந்தால் தமிழில் ஒரு பெரும் படம் நின்றிருக்கும்.

'வெர்டிகோ'வை மறுபடி பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். எர்னீஸ் உணவகத்தில் மேடலின் முதன்முதலாக வரும் காட்சியில், ஸ்காட்டியோடு சேர்ந்து அவளைப் பார்க்காதீர்கள். பச்சை மேலாடையோடு அவள் எழுந்து வந்து, அவன் அருகே ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் முகம் காட்டுகிறாள். தன்னைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கூலிக்கு நிற்கிறாள். அந்த நிமிடத்திலிருந்து ஜூடியாகவே அவளைப் பின்தொடருங்கள்.